சத்தமில்லாமல் வந்த வண்டி

அந்த வீட்டு ரகசியங்களுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். பெயர் இருமல்காரர்.

பதினைந்து வயதான பெட்ரோல் கார். தெருமுனையில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடி மேல் ஏறி ‘தடக்’ என்று இறங்கும். இறங்கிய அதிர்ச்சியில் இரண்டு முறை இருமும். பிறகு கனைத்துக்கொண்டே பன்னிரண்டு வீடுகளைத் தாண்டி வந்து வாசலில் நிற்கும். அந்தப் பன்னிரண்டு வீட்டுத் தூரத்துக்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். பேச்சை மாற்றிவிடலாம். அடுப்பில் எதையோ கிளறுவதுபோல் திரும்பி நின்றுகொள்ளலாம்.

மூன்று வாரமாக மருமகளும் மாமனாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோன நாளில் ஆரம்பித்தது அது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவனால் வர முடியவில்லை. தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு அவள்தான் மாமனாரை டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின். இரண்டு வருடமாக இதே நடை. அன்று மூன்றாவது மணி நேரத்தில், அவள் பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

“போதும்மா.”

“இன்னும் ரெண்டே ரெண்டுதான் மாமா.”

“பிஸ்கட்டைச் சொல்லல. மெஷினைச் சொல்றேன்.”

அதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் பேசி முடித்திருந்தார். இதயமும் பலவீனமாகிவிட்டது, நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம், நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம், வலி தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம், ஆனால் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

வீட்டில் பேசுவதுதான் பாக்கி.

“அவன்கிட்ட நானே சொல்றேன். நீ முந்திக்காத” என்றார் மாமனார். அவளும் சரி என்றுவிட்டாள். அந்த ஒரு சரியைத்தான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர். எந்த நெரிசலிலும் வண்டியை நுழைத்துவிடுவார். மகன் முகத்துக்கு எதிரே மட்டும் வழி கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் கார் பேச்சு வந்தது.

இருமல்காரருக்கு இந்த மாதத்தோடு பதிவுக் கெடு முடிகிறது. இன்னும் ஓட்ட வேண்டுமானால் தகுதிச் சோதனை, ஐந்து வருடத்துக்குச் சாலை வரி, பழைய வண்டி என்பதற்காக அதன் மேல் இன்னொரு வரி. எலெக்ட்ரிக் காருக்கோ சாலை வரியே கிடையாது. அந்தச் சலுகையும் இன்று சாயங்காலத்தோடு சரி. ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் உண்டு.

அவள் கணவன் எதையும் அளக்காமல் நம்பாதவன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் இரும்பு டேப் இருக்கும். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் பெட்ரோல், அந்தப் பக்கம் கரண்ட் என்று இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாடு அந்த நோட்டோடுதான்.

“எங்க சூப்பர்வைசர் சொல்றாரு, எல்லாரும் கரண்ட் வண்டிக்கு மாறிட்டா ரோடு போடற காசுக்கு எங்க போவாங்க? ஓடற கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நாளைக்கு நம்மகிட்டதான் வருவாங்களாம்.”

“வரட்டுமே. ரோட்டைத் தேய்க்கிறதுல எல்லா டயரும் ஒண்ணுதான்” என்றார் மாமனார். “முப்பத்து நாலு வருஷம் நான் தேய்ச்சதுக்கு என்னை யாரும் கேக்கல. அதுவரைக்கும் லாபம்.”

சிரித்தான் மகன். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான். அந்தப் பக்கத்தின் தலைப்பு: ‘அப்பா’.

“ஆஸ்பத்திரி பார்க்கிங்ல சார்ஜர் போட்டிருக்காங்கப்பா. நீங்க மேல மெஷின்ல இருக்கற நாலு மணி நேரத்துல இது கீழ ஏத்திக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா ஃபுல் ஆகி வந்துடலாம். பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி. எட்டு வருஷத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறதுல ஒரு கவலையும் இல்ல.”

இது நேற்று ராத்திரி. அவள் எழுந்துபோய், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

இன்று காலை, கிளம்பும் முன் வழக்கம்போல அப்பாவின் வலக்கை மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். மெஷின் ஊசி குத்துவதற்காக அங்கே ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். மாமனார் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் வலது கை. தொட்டால் தோலுக்கடியில் சின்னதாக ஒரு அதிர்வு ஓடும். அது ஓடுகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

“இன்ஜின் ஓடுதா?” என்று கேட்டார் மாமனார்.

“ஓடுதுப்பா. ஜம்முனு ஓடுது.”

“பழைய இன்ஜின்னு இதுக்கும் வரி கேக்கப்போறான், பாத்துக்க.”

“ரெண்டு மணிக்கு மேல வந்துடறேன். மூணு மணிக்கு ஆஸ்பத்திரி. ஷோரூம்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு இருமல்காரர்லயே வந்துடுவேன். உங்களை இறக்கிவிட்டுட்டுப் போய்க் கையெழுத்து.” அவளைப் பார்த்து, “நீயும் அரை நாள் லீவுதானே? கூட வா” என்றான்.

தடக், இருமல், கனைப்பு. போய்விட்டான்.

*

மணி இரண்டை நெருங்கியது. மாமனார் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை மாற்றவில்லை. வழக்கமாக இந்நேரம் பித்தான் போட்டு, தலை சீவி, பஸ்ஸை வெளியே எடுக்கும் நேரம்போல் ஜன்னலைப் பார்த்து நிற்பார்.

“அம்மா, ஒரு டம்ளர் தண்ணி.”

அவள் பாட்டிலை எடுத்தாள். காலையில் நிரப்பி வைப்பாள். ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்கிற தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு பாட்டில்தான். அதிலிருந்து மருந்துக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினாள்.

“அதுல இல்ல. அந்தப் பெரிய டம்ளர்ல. முழுசா.”

அவள் கை நின்றுவிட்டது.

“மாமா.”

“நான் இன்னிக்குப் போகலம்மா. இனிமே போகல.”

அடுப்பை அணைத்தாள். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெரு அமைதியாக இருந்தது. தடக் இல்லை, இருமல் இல்லை. பேசலாம்.

“அவர் வந்து நிப்பாரு. என்ன சொல்லப்போறீங்க?”

“சொல்றேன்.”

“மூணு வாரமா இதைத்தான் சொல்றீங்க. சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட்டுடுவாரு மாமா. யாருக்காக வாங்கறாரு அந்த வண்டியை? நோட்டை எடுத்துப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் நீங்கதான். சீட்டு உயரம் கூட எழுதி வெச்சிருக்காரு. நான் தெரிஞ்சும் தெரியாத மாதிரி பக்கத்துல உக்காந்து தலையாட்டறேன். நாளைக்கு என்னை என்ன நெனைப்பாரு?”

“உன்மேல தப்பில்ல. எனக்குத்தான் வாய் வரல.” அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இன்னும் ரெண்டு வாரம். ரெண்டு வாரத்துக்கு எதுக்கும்மா எட்டு வருஷ பேட்டரி?”

அவள் பெரிய டம்ளரை எடுத்தாள். விளிம்பு வரை ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

அவர் வாங்கிக்கொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். இரண்டு வருடத்தில் முதல் முறை. தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். குடித்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன ருசி” என்றார்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கடைசியில் ஒரு ‘டக்’.

அந்தச் சத்தத்தை அவள் எங்கேயும் கண்டுபிடித்துவிடுவாள். இரும்பு டேப் தானாகச் சுருண்டு உள்ளே போகும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் கார் நின்றுகொண்டிருந்தது, எப்போதும் அங்கேயே நிற்பதுபோல. ஷோரூம் வண்டி என்பதால் உடைந்த மூடியில் ஏற்றாமல் சுற்றிக்கொண்டு வந்திருப்பான். அந்த வண்டிக்கு இருமல் கிடையாது. அவன் எங்கே சார்ஜர் மாட்டலாம் என்று பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, மீட்டர் பெட்டியிலிருந்து வாசல் வரை அளந்திருக்கிறான். எத்தனை நேரமாக அளந்தான் என்பதுதான் தெரியவில்லை.

பின்கதவு வழியாக உள்ளே வந்தான். டேப்பை இடுப்பில் மாட்டினான். முதல் தடவை மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவையும்.

“வயர் எட்டு மீட்டர் வேணும்” என்றான். “ஏழுதான் குடுப்பாங்களாம்.”

அவன் பார்வை மேடையில் இருந்த காலி டம்ளரில் போய் நின்றது. விளிம்பில் ஒரு சொட்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி...” என்றார் மாமனார்.

“சட்டையை மாத்துங்கப்பா. வண்டி நிக்குது. சீட்டு உயரம் சரியா இருக்கான்னு பாக்கத்தான் வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்.”

*

ஷோரூமிலிருந்து கூட வந்திருந்த பெண் காரை விட்டு இறங்கி நின்றாள். கழுத்தில் அட்டை, கையில் ஃபைல். வாய் நிறையச் சிரிப்போடு ஆரம்பித்தாள்.

“வாங்க ஐயா. இதுல கியரே கிடையாது. காலை அழுத்தினா ஓடும், காலை எடுத்தாலே நிக்க ஆரம்பிச்சுடும். பிரேக்குக்குப் பாதி வேலைதான்.”

“காலை எடுத்தாலே நின்னுடுமா?”

“மெதுவா, குலுங்காம நிக்கும் ஐயா.”

“நல்ல வண்டிதான்” என்றார் மாமனார்.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் மூன்று முகங்களையும் ஒரு முறை பார்த்தாள். பல வீட்டு வாசல்களைப் பார்த்தவளாக இருக்க வேண்டும். சிரிப்பை மடித்து வைத்தாள்.

“சார், நீங்க மட்டும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். அவசரமே இல்ல” என்று சொல்லிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தாள். ஆறு மணிக் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருமல்காரரில் மாமனார் பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் போவார். ஏற இரண்டு பேர் தாங்க வேண்டும். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். இன்று முன்கதவைத் திறந்துவிட்டான் மகன். அவர் திரும்பி நின்று, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை. முனகல் இல்லை.

“சரியா இருக்குடா. அளவெடுத்துத் தைச்ச மாதிரி.”

மகன் தலையாட்டினான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கார் நகர்ந்தது. நகர்ந்தது என்பதே சாக்கடை மூடியைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருமல்காரருக்குள் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சண்டை போட வசதி. வேறு எதற்கும் ஆகாது. இங்கே மாமனார் மூச்சு விடுவது கேட்டது. கணவன் எச்சில் விழுங்குவது கேட்டது. தன் வளையல் இரண்டும் உரசிக்கொள்வதைக்கூடக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“எத்தனை நாளா?” என்றான், சாலையைப் பார்த்துக்கொண்டே.

யாரைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மூணு வாரமா” என்றார் மாமனார். “அவளை ஒண்ணும் சொல்லாத. நான்தான் வாயைக் கட்டிப்போட்டேன்.”

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லல.”

சொல்லவில்லைதான். பின்கண்ணாடியில் ஒரு முறை அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது, தெரிந்த வீட்டுக்குள் வழி தவறியவனின் பார்வை.

மாமனாரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அது பழைய வழக்கம். அடுத்தவர் ஓட்டும்போது அவர் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

“நான் ஏதாவது குறை வெச்சேனாப்பா?”

“வெச்சிருந்தா சுலபமா சொல்லியிருப்பேனே.”

இரண்டு தெரு தாண்டினார்கள். அவன் இடது கை கியரைத் தேடிப்போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

“மெஷின்ல கெடக்கறது ஒரு நாள்” என்றார் மாமனார் மெதுவாக. “அந்தக் களைப்பு தீர ஒரு நாள். விடிஞ்சா மறுபடி கெளம்பணும். வாரத்துல எனக்குன்னு மிஞ்சறது ஒரே ஒரு நாள்டா தம்பி. கணக்கு நீ நல்லாப் போடுவ. போட்டுப் பாரு.”

“இது எட்டு வருஷம் ஓடற வண்டிப்பா.”

“ஓடட்டும். நான் ஏறலேன்னா ஓடாதா? நீங்க ரெண்டு பேரும் ஓட்டுங்க. வாங்கறதுன்னா உனக்காக வாங்கு. எனக்காக வாங்காத, அவ்வளவுதான்.”

“எனக்காகன்னா இருமல்காரரே போதும். பெரிய வரி கட்டிட்டு அதையே ஓட்டிட்டுப் போறேன்.” குரல் உடைந்தது. “உங்களுக்கு இடுப்பு குலுங்கக் கூடாதுன்னுதானே...”

முடிக்கவில்லை. அவள் பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் விலக்கவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

நாற்சந்தி வந்தது. சிவப்பு விளக்கு. வலப்பக்கம் ஆஸ்பத்திரிச் சாலை. இடப்பக்கம் ஷோரூம். இரண்டு வருடமாகத் திரும்பிய பழக்கத்தில் அவன் கை தானாக வலது இண்டிகேட்டரைத் தட்டியது.

டிக், டிக், டிக். கார் முழுக்க அந்தச் சத்தம் ஒன்றுதான்.

“அப்பா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. அக்கா ஊர்லருந்து வரட்டும். அவளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? இன்னிக்கு ஒரு நாள்.”

மாமனார் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருடமாகப் பின்சீட்டில் படுத்துக் காரின் கூரையைத்தான் பார்த்திருந்தார். சாலையைப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ.

“அதை அணை” என்றார்.

“அப்பா...”

“அணைடா. தலைக்குள்ள அடிக்குது.”

அணைத்தான். டிக் டிக் நின்றது.

“நேரா போ. கொஞ்ச தூரம். நீ வண்டி ஓட்டி நான் பாத்ததே இல்ல. நல்லா ஓட்டற. வளைவுல மட்டும் அவசரப்படற.”

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். கார் நேராக நகர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நின்ற மகனின் இடது கை, அப்பாவின் வலது மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் தானாக அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது.

“ஓடுதா?” என்று கேட்டார் மாமனார்.

“ஓடுதுப்பா.”

அவர் வலது கால் தரையை விட்டு மெல்ல எழும்பித் தளர்ந்ததை, பின்சீட்டிலிருந்து அவள் பார்த்தாள்.

அப்போது அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மணி இரண்டரை. எடுத்துப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். மெஷினைத் தயார் செய்வதற்கு முன், தவறாமல் இந்த நேரத்துக்கு நர்ஸ் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “வர்றீங்களா, இல்லையா?”

பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். போன் உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. முன்சீட்டில் இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். இந்த வண்டியில் எதுதான் கேட்காது.

இரண்டு பேரும் திரும்பவில்லை.